அமீர் ஹம்சாவின் கடிக்கிற வீடு

அத்தா வருகிறார் என்ற செய்தி பல்கீஸுக்கு வந்து சேர்ந்தபோது காலை மணி பதினொன்றரை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழு, பங்குனி மாதத்து வியாழக்கிழமை. தபால்காரர் மருது சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு, பஸ்ஸுக்கு முன்னால் வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பஸ்தான் என்றாலும் அது ஒரு பெண் குடியிருக்கிற வீடு அல்லவா? படியாகப் போட்டிருந்த மரப்பெட்டிக்கு முன்னால் நின்று, வலது கையில் கார்டை நீட்டிக்கொண்டே இடது கையால் வாசல் கம்பியைப் பிடித்தார்.

"ஆத்தாடி! கடிச்சிருச்சு!"

கார்டு ஒரு பக்கம், பை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். தேளோ என்னவோ என்று பல்கீஸ், அப்போதுதான் சுற்ற ஆரம்பித்திருந்த விசிறியை விட்டுவிட்டு அடுப்படியிலிருந்து ஓடிவந்து, ரப்பர் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு இறங்கினாள். கம்பியை மேலும் கீழும் பார்த்தாள். தேளும் இல்லை, குளவியும் இல்லை. தொட்டும் பார்த்தாள். ஒன்றும் செய்யவில்லை.

"பூச்சி இல்ல தாயி, வண்டியே கடிக்குது" என்றார் மருது கையை உதறிக்கொண்டு. "நாய் கடிக்கிற வீட்டுக்கெல்லாம் தபால் குடுத்திருக்கேன். வீடே கடிக்கிறது இங்கதான்."

அவர் போனபிறகு பல்கீஸ் கார்டைப் படித்தாள். 'ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். ஒரு வருஷம் ஆகிவிட்டது. பேசியபடி பார்த்து முடிவு செய்துகொள்வோம்.' அவ்வளவுதான். கீழே அத்தாவின் கையெழுத்து, ஹபீப் ரகுமான் என்று, முடிச்சுப் போட்டு இறுக்கியது மாதிரி.

ஹபீப் ரகுமானுக்குச் சிங்கம்புணரியில் கயிறு வியாபாரம். மகளை அமீர் ஹம்சாவுக்குக் கொடுக்கச் சம்மதித்த அன்றே ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். "ஒரு வருஷம் பொறுத்துக்கிறேன் மாப்பிள்ளை. மழையும் வெயிலும் ஒரு சுத்து வரட்டும். அப்புறம் நானே வந்து பாப்பேன். மனுசி குடியிருக்க லாயக்கில்லைன்னா மகளைக் கையோட கூட்டிட்டுப் போயிருவேன். நீங்க நிலையா ஒரு வீடு பிடிச்சுட்டு வந்து அழைச்சுக்கிடுங்க." அமீர் ஹம்சா அதற்குச் சொன்ன பதில், அவர் எதற்கும் சொல்கிற பதில்தான். "ஆயிரும் மாமா."

அந்த ஒரு சொல்லைப் பல்கீஸ் பிற்பாடு ஆயிரம் தடவை கேட்டிருப்பாள். பேட்டரி இறங்கிப்போய், மைக் செட்டில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு பாதியில் தூங்கி வழியும், கல்யாண வீடே திரும்பிப் பார்க்கும், "ஆயிரும்" என்பார். எலி ஒயரைக் கடித்திருக்கும், "ஆயிரும்." மழை கூரை ஆணி வழியாக ஒழுகி சுவிட்சுக்குள் இறங்கி, உள்ளே பொரி பொரிப்பது போலச் சத்தம் கேட்கும், கம்பை வைத்து சுவிட்சைத் தள்ளி அணைத்துவிட்டு "ஆயிரும்" என்பார். அநேகமாக ஆகியும்விடும்.

மலேயாவில், ஈப்போவில் ஒரு பஸ் கம்பெனியில் ஆறு வருஷம் எலக்ட்ரிக் வேலை பார்த்தவர் அமீர் ஹம்சா. ஊர் திரும்பியதும் காரைக்குடியில் ஏலத்துக்கு வந்த பழைய பஸ் ஒன்றை எடுத்தார். சீட்டுகளைப் பிடுங்கிப் பின்பாதியில் ஒலிபெருக்கிகள், ஆம்ப்ளிபயர், சீரியல் பல்பு, ஒயர்ச் சுருள்கள். முன்பாதியில் கட்டில், மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு டிரங்குப் பெட்டி. வெளியே பச்சைப் பெயிண்டில் 'ஹம்சா சவுண்டு சர்வீஸ்'. கல்யாணம், தர்கா கந்தூரி, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் போவார். மாதத்தில் இருபது நாள் வெளியூரில் கிடக்கிறவனுக்கு வாடகை வீடு எதற்கு என்பது அவர் கணக்கு. பெண்டாட்டியை ஊரில் விட்டுவிட்டு இருபது நாள் எப்படி இருப்பது என்பது அவர் வெளியில் சொல்லாத கணக்கு.

பல்கீஸுக்கும் அந்த வாழ்க்கை பிடித்துப்போயிருந்தது. இன்று ஒரு ஊர்க் கிணற்றுத் தண்ணீர், அடுத்த வாரம் இன்னொரு ஊர்த் தண்ணீர். கட்டிலுக்கு அடியில்தான் பேட்டரி. அதன் முனைகளில் உப்புப் பூத்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி வாஸ்லின் களிம்பு தடவுகிற வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். வண்டியின் பழைய விளக்கு எரிகிற நிறத்தைப் பார்த்தே பேட்டரி எவ்வளவு தாங்கும் என்று சொல்லிவிடுவாள். ஊருக்கெல்லாம் வெளிச்சம் போடுகிறவன் வீடு இருட்டாக இருக்கலாமா என்று அமீர் ஹம்சா அவள் வந்த புதிதில் பஸ்ஸுக்குள் ஒன்பது விளக்குகள் போட்டார். எட்டு உள்ளே. ஒன்பதாவது, அவள் இருட்டில் இறங்கும்போது கால் தெரிய வேண்டும் என்று, பின்படிக்கு மேலே.

இந்த ஒன்பதும் ஒரு மேசை விசிறியும் வண்டி மானகிரியில் நிற்கும்போது மட்டும் ஓடும். அங்கே நாச்சியம்மை ஆச்சி வீட்டுப் பின்வாசல் பொட்டலில்தான் அவர்கள் வண்டியை நிறுத்துவது. ஆச்சி தன் பின்கட்டில் இருந்த பிளக்கிலிருந்து கரண்ட் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள். சுவர் ஏறி ஒயர் வரும். ஆனால் இருந்தது ஒரே பிளக்குதான். ஆச்சிக்குப் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் பஸ்ஸின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரேடியோவைக் குத்துவாள். கேட்டு முடிந்ததும் மறக்காமல் இதைக் குத்திவிடுவாள். ரேடியோ பாடினால் பல்கீஸின் விசிறி நிற்கும். ரேடியோ நின்றால் விசிறி சுற்றும். இந்த ஒப்பந்தத்தில் இரண்டு பக்கமும் சண்டை வந்ததே இல்லை.

சாயங்காலம் அமராவதிபுதூரிலிருந்து அமீர் ஹம்சா திரும்பியதும் பல்கீஸ் கார்டையும் கடியையும் ஒன்றாகச் சொன்னாள். அங்கே ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் விளக்கு கட்டிக்கொண்டிருந்தார். இருந்த ஒயர் முழுவதும் அங்கேதான் தொங்கியது.

"மாமாவா? வரட்டும்" என்றார். "கடியா? பாப்போம்."

அவர் பார்க்கிற முறை ஒன்று உண்டு. எதில் கோளாறு என்றாலும் முதலில் போய்ப் பிளக்கைப் பிடுங்குவார். வாயால் ஊதுவார். இரண்டு கம்பியையும் கைலியில் துடைப்பார். மறுபடி குத்துவார். அந்தப் பிளக்கின் ஒரு ஓரம் உடைந்திருக்கும். உடைந்த ஓரம் பெருவிரலுக்கு வரும்படி பிடிப்பது அவர் கைப்பழக்கம். அதன் பிறகுதான் டெஸ்டரை எடுப்பார். அன்றும் அப்படியே செய்துவிட்டு வந்து, கம்பி, கதவு, பம்பர் எல்லாவற்றிலும் டெஸ்டரை வைத்தார். கரண்ட் இருந்தால் எரிய வேண்டிய, டெஸ்டருக்குள் இருந்த சின்ன விளக்கு எரியவே இல்லை.

"பாத்தியா? ஒண்ணுமில்ல. மருது அண்ணன் தூக்கத்துல வந்திருப்பாரு."

மறுநாள் காலையில் கீரை கொண்டுவருகிற ராக்காயி தன் ஆட்டையும் கூடவே ஓட்டிக்கொண்டு வந்தாள். ஆச்சி வீட்டு ரேடியோ அப்போதுதான் ஓய்ந்திருந்தது. ஆடு முதுகு அரிப்புக்குப் பம்பரில் உரசப்போய், ஓர் ஆள் உயரம் துள்ளி, கத்திக்கொண்டே பொட்டலைத் தாண்டி ஓடியது.

"ஏ, எவ அது என் ஆட்டை அடிச்சது?"

"யாரும் அடிக்கல ராக்காயி. வண்டில முட்டுச்சு, துள்ளிருச்சு."

"அதானே பாத்தேன்! என்னையுந்தான் ரெண்டு மூணு தடவ கடிச்சுச்சு, சொன்னா வருத்தப்படுவியேன்னு சொல்லல. நேத்து கடிக்கும், இன்னைக்குக் கடிக்காது. ஊருல என்ன பேசிக்கிறாக தெரியுமா? ஈப்போவுல செத்த எவனோ உம்புருசன் கூடவே வந்து வண்டிக்குள்ள இருக்கானாம்."

"வண்டி காரைக்குடியில வாங்குனது. ஈப்போவுல செத்தவன் டிக்கெட் எடுத்தா ஏறுவான்?" என்றாள் பல்கீஸ்.

சிரித்துவிட்டாளே தவிர, ஆடு மனசை விட்டுப் போகவில்லை. மனுசன் தூக்கத்தில் வரலாம், ஊர்ப்பேச்சைக் கேட்டுப் பயந்திருக்கலாம். ஆட்டுக்கு என்ன வந்தது? சனிக்கிழமை முழுக்க அதையே யோசித்தாள். மருது செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ராக்காயி செருப்பே போடுவதில்லை. ஆடும் போடுவதில்லை. தானும் கணவரும்? பொட்டலெல்லாம் கருவேல முள் என்று இவர் வாங்கிக்கொடுத்த ரப்பர் செருப்பில்தான் அவள் படியிலிருந்து இறங்குவாள். அவரோ டயர்ச் செருப்பைக் கழற்றுவது கட்டிலுக்கும் தொழுகைக்கும் மட்டும்.

மனசைத் திடப்படுத்திக்கொண்டு வெறுங்காலோடு இறங்கி நின்று, புறங்கையால் கம்பியைத் தொட்டாள். முந்தின ராத்திரியும் அமீர் ஹம்சா பிளக்கைப் பிடுங்கி ஊதிக் குத்தியிருந்தார். ஆச்சி அன்று ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால் ரேடியோ பாடவில்லை. கம்பி பச்சைத் தண்ணீர் மாதிரிச் சும்மா இருந்தது.

கணவரிடம் சொன்னபோது அவர் முகம் கொஞ்சம் மாறியது. "செருப்பு விசயம் சரியாத்தான் இருக்கு. ஆனா அப்படின்னா பாடியில கரண்ட் வரணுமே? மூணு தடவை பாத்துட்டேன், டெஸ்டர் எரியலையே." தலையைச் சொறிந்தார். அன்று ஆயிரும் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரை மணி பஸ்ஸில் ஹபீப் ரகுமான் வந்து இறங்கினார். மருமகன் சலாம் சொல்லிக் குடையை வாங்கிக்கொண்டார். மாமனார் நேராக உள்ளே வரவில்லை. மாடு பிடிக்க வந்தவர் மாதிரி வண்டியை ஒரு சுற்று சுற்றினார். டயரைத் தட்டினார். கூரையில் கட்டியிருந்த கயிற்றை இழுத்துப் பார்த்து, "இந்த முடிச்சு போட்டது யாரு? கயித்துக்கே கேவலம்" என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் ஆச்சியின் ரேடியோ உற்சாகமாகப் பாடிக்கொண்டிருந்தது. உள்ளே விசிறி நின்றுபோய், பல்கீஸுக்கு வேர்த்து ஊற்றியது.

சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஹபீப் ரகுமான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு காலிலும் நன்றாக ஊற்றிக் கழுவினார். மண் குழைந்து சேறானது. சொம்பை மகளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு மேலே ஏறினாள்.

ரேடியோ நின்றது.

அவள் சொம்பை வைக்கத் திரும்பினாள். விசிறி ஒரு முனகல் முனகிச் சுற்றத் தொடங்கியது. விசிறி. மருது வந்த அன்றும் அப்போதுதான் சுற்ற ஆரம்பித்தது. ஆடு துள்ளிய அன்றும் ரேடியோ ஓய்ந்திருந்தது. ஆச்சி இல்லாத நாளில் கம்பி சும்மா இருந்தது. வாசலில் அத்தாவின் ஈரக்கை கம்பியை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"அத்தா! தொடாதீக!"

வாழ்க்கையில் முதல் தடவையாக மகள் அவரை அதட்டியிருந்தாள். கை அந்தரத்தில் நின்றது.

"என்னம்மா? என் மக வீட்டுல நான் எதைத் தொடக்கூடாது?"

"வண்டி கடிக்கும் அத்தா. என்னங்க, டெஸ்டரை வச்சுப் பாருங்க. இப்பவே. பிளக்குகிட்டப் போகாதீக, அப்படியே பாருங்க!"

அமீர் ஹம்சாவுக்குக் கால் பிளக்கை நோக்கித்தான் போனது. அடக்கிக்கொண்டு டெஸ்டரைக் கம்பியில் வைத்தார். உள்ளே இருந்த சின்ன விளக்கு சிவப்பாக எரிந்தது.

"ஆச்சி! பிளக்கை எப்படிக் குத்துனீக?" என்று சுவரைப் பார்த்துக் கத்தினார்.

"எப்படிக் குத்துறதாம்?" என்று பதில் வந்தது. "ரெண்டு கம்பி, ரெண்டு ஓட்டை. உள்ள போனா சரிதானேப்பா. இதுக்குப் பஞ்சாங்கமா பாப்பாக?"

அமீர் ஹம்சா போய்ப் பிளக்கைப் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, மரப்பெட்டியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பஸ்ஸில் ஒவ்வொரு பல்புக்கும் ஒரே ஒயர்தான் போகும். கரண்ட் திரும்பி வருவதற்கு வண்டியின் இரும்புதான் வழி. பேட்டரிக்கு அது போதும். கையை வைத்தாலும் உறைக்காது. ஆறு வருஷம் பஸ்ஸிலேயே ஊறிய கை, வீட்டுக் கரண்டையும் அதே மாதிரி ஒத்தை ஒயரில் இழுத்துவிட்டு, மறு ஒயரை இரும்போடு முடுக்கிவிட்டது. பிளக்கை அவர் பிடிக்கிற வாக்கில் குத்தினால் கோளாறு இல்லை. திருப்பிக் குத்தினால் வண்டி முழுவதும் கரண்ட். சோதிக்கப் போன ஒவ்வொரு தடவையும் முதலில் பிளக்கைப் பிடுங்கித் தன் வாக்கில் குத்தி, கோளாறைத் தானே ஒளித்து வைத்துவிட்டுத்தான் தேடியிருக்கிறார்.

இதையெல்லாம் ஒளிக்காமல் மாமனாரிடம் சொன்னார்.

"எத்தனை நாளா இப்படி?"

"பத்து மாசமா மாமா."

ஹபீப் ரகுமான் தன் காலைப் பார்த்தார். "எங்காலு ஈரமா இருந்துச்சு."

"ஆமா மாமா. பிடிச்சிருந்தா கையை எடுத்திருக்க முடியாது."

ஹபீப் ரகுமான் சேற்றைவிட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தார். பிறகு அவர் மகளைப் பார்த்துச் சொன்னார். "பல்கீஸு, பெட்டியை எடு."

"கடிக்கிறது எதுன்னு கண்டுபிடிச்சவ நான்தான் அத்தா. நான் போயிட்டா..."

"மாமா சொல்றது சரி புள்ள" என்றார் அமீர் ஹம்சா. "என் தப்பு. இது சரியாகாம நீ இங்க இருக்கக்கூடாது." சொல்லிவிட்டு எழுந்து, உள்ளே போய், மீதியிருந்த ஒரே ஒயர்ச் சுருளை எடுத்துக் கட்டைப் பிரித்தார். முகத்தை யாரும் பார்க்காதபடி கூரையைப் பார்த்துக்கொண்டு, பழைய முடுக்குகளைக் கழற்ற ஆரம்பித்தார்.

பல்கீஸ் டிரங்குப் பெட்டியைத் தொடவில்லை. ஒயரின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பெட்டியை எடுன்னேன், என்ன செய்யிற?"

"ஒயர் பிடிக்கிறேன் அத்தா. இவுக ஒத்தைக் கையில இழுத்தா முறுக்கு விழுந்துரும்."

ஹபீப் ரகுமான் வெளியில் நின்றபடியே பார்த்தார். சுருள் அவள் கையில் எட்டு எட்டாக முறுக்கிச் சிக்கிக்கொண்டிருந்தது. முப்பது வருஷம் கயிற்றோடு புழங்கிய மனுசனால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"முறுக்கு எங்குட்டுப் போகுதுன்னு தெரியாம இழுத்தா இப்படித்தான். தள்ளு. இங்குட்டுக் குடு."

ஈரக்காலோடு உள்ளே ஏறிவிட்டார். சுருளைத் தோளில் மாட்டி, ஒரு முறுக்கு விழாமல் அவர் விட்டுக்கொண்டே போக, மருமகன் ஒவ்வொரு பல்புக்கும் இரண்டாவது ஒயரை இழுத்துக்கொண்டே வந்தார். பல்கீஸ் இடையில் சோறாக்கினாள். சாப்பிடும்போதுகூட இரண்டு பேரும் முடிச்சைப் பற்றித்தான் பேசினார்கள். "மாப்பிள்ளை, இந்தக் கட்டு கட்டுனா வண்டி உருண்டாலும் ஒயர் அசையாது பாத்துக்கங்க." சாயங்காலம் எட்டு விளக்குக்கும் விசிறிக்கும் ஒயர் வந்துவிட்டது. வண்டி இரும்பில் ஒரு முடுக்கும் மிச்சமில்லை. ஒன்பதாவது ஹோல்டருக்கு வரும்போது சுருள் தீர்ந்துபோனது. ஒரு முழம் குறைந்தது.

"அதை அப்படியே கழட்டி விட்டுருங்க. முதல்ல பாத்துருவோம்" என்றார் மாமனார். "நானே தொட்டுப் பாக்குறேன்."

"வேண்டாம் மாமா. தப்புப் பண்ணுன கைதான் முதல்ல தொடணும்."

அமீர் ஹம்சா டயர்ச் செருப்பைக் கழற்றினார். அந்தப் பொட்டலில் அவர் வெறுங்காலை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். பல்கீஸ் ஒரு குடம் தண்ணீரை மண்ணில் ஊற்றினாள். ராக்காயி ஆட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு எட்டி நின்றாள். அமீர் ஹம்சா இரண்டு வாக்கிலும் பிளக்கைக் குத்தச் சொல்லி டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, பிடுங்கச் சொன்னார். பிறகு சேற்றில் நின்று, கம்பியின் மேல் புறங்கையை வைத்தார்.

"குத்துங்க ஆச்சி!"

"குத்திட்டேன்!"

விசிறி சுற்றியது. அவர் நின்றார்.

"மாத்திக் குத்துங்க!"

"மாத்தியாச்சு! ஆளு இருக்கியா, போயிட்டியா?"

"இருக்கேன் ஆச்சி!" என்றவர், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துத் தொங்கியே காட்டினார். ராக்காயி, "ஈப்போக்காரன் இறங்கிப் போயிட்டான்" என்றாள்.

பிறகு ஹபீப் ரகுமான் முறையாகக் கால் கழுவி, கம்பியைப் பிடித்து, ஏறி இறங்கினார். கடைசி பஸ்ஸுக்குப் புறப்படும்போது குடையை மருமகனிடமிருந்து வாங்கிக்கொண்டு பின்படிக்கு மேலே அண்ணாந்து பார்த்தார்.

"அந்த ஒன்பதாவது லைட்டு?"

"ஆயிரும் மாமா."

"அது எரியிறதைப் பாக்க வருவேன். அதுவரைக்கும் பெட்டி இங்கயே இருக்கட்டும்."

சொன்னபடி வந்தார். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, சில வருஷம் மாதத்துக்கு ஒரு தடவை. அமீர் ஹம்சா எங்கே வண்டியை நிறுத்தினாலும் முதலில், கரண்ட் கசிந்தாலும் மண்ணுக்குள் போய்விடட்டும் என்று, ஓர் இரும்புக் கம்பியை மண்ணில் அறைந்து வண்டியோடு கட்டினார். தினமும் அதற்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள் பல்கீஸ். இரண்டு பிள்ளைகள் அந்தக் கட்டிலில் நடை பழகினார்கள். அமராவதிபுதூரிலிருந்து அவிழ்த்துவந்த ஒயர் மைல் கணக்கில் வண்டிக்குள்ளேயே கிடந்தது. ஹபீப் ரகுமான் இறங்கியதும் சலாமுக்கு அடுத்த பேச்சு, "மாப்பிள்ளை, ஒன்பதாவது லைட்டு?" என்பதுதான். "ஆயிரும் மாமா" என்பார் இவர்.

"ஒரு முழம் ஒயருக்கு இத்தனை வருசமா?" என்று பல்கீஸ் ஒருநாள் கேட்டாள்.

"எரிஞ்சுட்டா எதைக் கேக்க வருவாக?" என்றார் அமீர் ஹம்சா.

எழுபத்தெட்டு ஐப்பசியில், கந்தூரி ஒன்றுக்கு ஒலிபெருக்கி கட்டிவிட்டு வந்து படுத்த அமீர் ஹம்சா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். அதோடு சரி. நாற்பத்து நாலு வயது. சிங்கம்புணரியிலிருந்து ஹபீப் ரகுமான் வந்தார். செருப்பைக் கழற்றினார். கம்பியைப் பிடித்து ஏறினார். அன்று அவர் எதையும் கேட்கவில்லை.

நாற்பதாம் நாள் கழித்துப் பல்கீஸ் கருவிப் பெட்டியைத் திறந்தபோது, டெஸ்டருக்கு அடியில் ஒரு முழம் சிவப்பு ஒயர் இருந்தது. அளந்து வெட்டி, இரண்டு முனையும் சுரண்டி, மாமனார் சொல்லிக்கொடுத்த மடிப்பில் மடித்து வைத்திருந்தார். பின்படிக்கு மேலே இருக்கிற ஹோல்டரில் இன்னும் ஓர் ஒயர்தான் இருக்கிறது.